வட்டியில்லாக் கடன் அட்டையில் எடுத்த பணத்தைச் சேமிப்பில் போட்டால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி இதுதான்: "பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். கடன் எதுவும் இல்லை. ஒரு வங்கி 24 மாதத்துக்கு வட்டியில்லா பேலன்ஸ் டிரான்ஸ்பர் அட்டை தருகிறது, கட்டணம் 3 சதவீதம். அதில் 6,000 பவுண்டு எடுத்து, 4 சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடம் போட்டுவைத்தால் 490 பவுண்டு வருகிறது. இது சட்டப்படி சரியா? செய்யலாமா? எங்கே மாட்டிக்கொள்வேன்?"

பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்றால் ஒரு அட்டையின் பாக்கியை இன்னொரு அட்டைக்கு மாற்றுவது; கடன் இல்லாத உங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம். சட்டப்படி ஒரு தடையும் இல்லை. பிரிட்டனில் இதற்கு ஸ்டூசிங் என்று தனிப் பெயரே உண்டு. இருபது வருடத்துக்கும் மேலாகப் பலர் செய்துவருகிறார்கள். விண்ணப்பத்தில் வருமானத்தையோ வேலையையோ மாற்றிச் சொல்லாதவரை யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் 490 பவுண்டு வராது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் சுமார் 255 வரும். மீதிப் பணம் எங்கே போகிறது என்பது புரிந்துவிட்டால், எந்த அட்டையை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

முதலில் கட்டணம். 6,000-க்கு 3 சதவீதம் என்றால் 180 பவுண்டு. இது முதல் நாளே உங்கள் கடனில் ஏறிவிடும். அட்டையில் பாக்கி 6,180 என்று காட்டும். இரண்டாவது, மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. வட்டி இல்லை என்பதற்காகத் தவணையும் இல்லை என்று ஆகிவிடாது. பல அட்டைகளில் இது பாக்கியில் 1 சதவீதம் அல்லது 25 பவுண்டு மாதிரி ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அது. 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 62 பவுண்டு, அடுத்த மாதம் 61 என்று சேமிப்பிலிருந்து எடுத்து அட்டைக்குக் கட்டிக்கொண்டே வருவீர்கள். ஆக, 6,000 முழுதாக இரண்டு வருடம் வட்டி சம்பாதிக்கப் போவதில்லை. கடைசியில் அட்டையில் சுமார் 4,856 பாக்கி இருக்கும், சேமிப்பில் சுமார் 5,112 இருக்கும். வித்தியாசம் 256 பவுண்டு. உங்களுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

இதே அட்டையில் குறைந்தபட்சத் தொகை 2.5 சதவீதமாக இருந்தால் மிச்சம் 190 பவுண்டாக இறங்கிவிடும். கட்டணம் அதே 180, வட்டி அதே 4 சதவீதம். பணம் உங்கள் கையில் தங்கும் காலம் மட்டும் குறைகிறது. கட்டணத்தை முழுத் தொகைக்கும் வாங்கிவிடுகிறார்கள், வட்டியோ கரைந்துகொண்டே வரும் தொகைக்குத்தான் கிடைக்கிறது. விளம்பரத்தில் எத்தனை மாதம் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். குறைந்தபட்சத் தொகை எத்தனை சதவீதம் என்பதை ஒப்பந்தத்தின் சுருக்கப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடுங்கள்.

அடுத்து ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கட்டணமே இல்லாத பேலன்ஸ் டிரான்ஸ்பர் அட்டைகளும் உண்டு. அவற்றில் வட்டியில்லாக் காலம் குறைவு, ஒரு வருடத்தை ஒட்டி இருக்கும். அதனால் ஆட்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதே 6,000-ஐக் கட்டணமில்லாமல் 12 மாதம் எடுத்து, அதே 4 சதவீதத்தில், அதே 1 சதவீதத் தவணையோடு போட்டால் மிஞ்சுவது சுமார் 227 பவுண்டு. 24 மாதம் காத்திருந்து 256 வாங்குவதும், 12 மாதத்தில் 227 வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். 3 சதவீதக் கட்டணத்தோடு 12 மாத அட்டை எடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள்: மிச்சம் 47 பவுண்டு. அதற்காக ஒரு வருடம் தேதி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

சரி, வரி. பிரிட்டனில் 2016 ஏப்ரலிலிருந்து சேமிப்பு வட்டிக்கு ஒரு வரிவிலக்கு வரம்பு இருக்கிறது. 20 சதவீத வரிப் பிரிவில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை. 40 சதவீதப் பிரிவுக்கு 500. 45 சதவீதப் பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. 4 சதவீத வட்டியில் 25,000 பவுண்டு வைத்திருந்தால் 1,000 பவுண்டு வரம்பு தீர்ந்துவிடும். 40 சதவீதக்காரருக்கு 12,500-லேயே தீர்ந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே சொந்தப் பணம் சேர்த்து வைத்திருப்பவர் என்றால், அட்டைப் பணத்தில் வரும் வட்டி முழுவதும் வரம்புக்கு மேல்தான் போய் விழும்.

இங்கேதான் கட்டணம் இரண்டாவது முறையும் கடிக்கிறது. 180 பவுண்டு கட்டணத்தைச் செலவாகக் காட்டி வட்டியில் கழித்துக்கொள்ள முடியாது. வந்த வட்டி முழுவதற்கும் வரி. மேலே சொன்ன 24 மாதக் கணக்கில் வரும் மொத்த வட்டி 436. அதில் 40 சதவீதம், அதாவது 174 வரிக்குப் போனால், 256-ல் மிஞ்சுவது 82. கட்டணத்தோடு கூடிய 12 மாத அட்டையில் 20 சதவீத வரி கட்டுபவருக்கு ஒன்றோ இரண்டோ பவுண்டுதான் தேறும். 40 சதவீதம் கட்டுபவருக்குக் கைநஷ்டம், சுமார் 44 பவுண்டு. கணக்குப் பார்க்காமல் இறங்கி, லாபம் என்று நினைத்துக்கொண்டே நஷ்டப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். வட்டி விவரத்தை வங்கியே வரித்துறைக்கு அனுப்பிவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

வரிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஐசா கணக்கு: வருடத்துக்கு மொத்தம் 20,000 பவுண்டு வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. ஆனால் ரொக்க ஐசாவுக்கான (பங்குகளில் போடாமல் பணமாகவே வைக்கும் வகை) வரம்பை 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2027 ஏப்ரலிலிருந்து 12,000 ஆகக் குறைப்பதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் சொந்தப் பணத்துக்கே அந்த இடம் தேவைப்பட்டால், அட்டைப் பணத்தால் அதை நிரப்பாதீர்கள்; சலுகை முடிந்து பணத்தை எடுக்கும்போது, பல ஐசாக்களில் அந்த வருடத்து இடத்தைத் திரும்பப் பெற முடியாது. இன்னொரு வழி, வருமானம் இல்லாத அல்லது குறைவாக உள்ள கணவர் அல்லது மனைவியின் பெயரில் சேமிப்பை வைப்பது. வேறு வருமானமே இல்லாத ஒருவர் 12,570 சொந்த விலக்கு (வரியில்லா வருமான வரம்பு), அதன்மேல் சேமிப்புக்கான 5,000, அதன்மேல் அந்த 1,000 என்று மொத்தம் 18,570 பவுண்டு வட்டி வரை வரியில்லாமல் வாங்கலாம். கடன் உங்கள் பெயரில், பணம் அவர் பெயரில் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கடன் இல்லாத உங்களுக்கு அந்த 6,000 பவுண்டு எப்படிக் கையில் வரும்? பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்பது இன்னொரு அட்டையில் இருக்கும் பாக்கியைப் புது வங்கி அடைப்பது. பணம் பழைய அட்டைக்குத்தான் போகும், உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. பழைய அட்டையில் பாக்கியே இல்லை என்றால் மாற்ற எதுவும் இல்லை. ஆகவே நடைமுறையில் செய்வது என்னவென்றால், வீட்டுச் செலவு முழுவதையும் பழைய அட்டையில் தேய்ப்பது, அந்தச் செலவுக்கு வைத்திருந்த சம்பளப் பணத்தைச் சேமிப்பில் போடுவது, பில் வந்ததும் அதைப் புது அட்டைக்கு மாற்றிவிடுவது. வாடகையை அட்டையில் கட்ட முடியாது என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பவுண்டு அட்டையில் போவதே பெரிய விஷயம்.

அதிலும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. புது அட்டை திறந்து 60 அல்லது 90 நாளுக்குள் மாற்றும் தொகைக்குத்தான் சலுகை என்பது பொதுவான நிபந்தனை. பழைய அட்டையிலோ வாங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் 56 நாள்வரைதான் வட்டி இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று மாத பில்லுக்கு மேல் நகர்த்த முடியாது. மாதம் 1,200 செலவு செய்பவர் 3,600-இல் நின்றுவிடுவார். 6,000 என்பது தாளில் எழுத நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். தொகை பாதியாகும்போது லாபமும் கிட்டத்தட்டப் பாதியாகும். மாற்றம் முடிய சில நாட்கள் ஆகும். அதுவரை பழைய அட்டையின் கடைசித் தேதி வந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இதைச் சுற்றிப் போக ஆட்கள் ஒரு வழி சொல்வார்கள். பாக்கியில்லாத பழைய அட்டைக்கு ஆயிரக்கணக்கில் மாற்றி, அங்கே உங்கள் பெயரில் மிகுதியாக நிற்கும் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பது. செய்ய வேண்டாம். காரணமே இல்லாமல் பெரிய தொகை உள்ளே வந்து உடனே வெளியே போவது எந்த வங்கிக்கும் பிடிக்காது. பணச் சலவைக் கண்காணிப்பில் சிக்கிக் கணக்கு முடங்கினால், இருநூறு பவுண்டுக்காக இரண்டு மாதம் அலைவீர்கள். மணி டிரான்ஸ்பர் என்று தனியாக ஒரு வகை உண்டு. அதில் பணம் நேராக உங்கள் நடப்புக் கணக்குக்கே வரும், வழியும் நேர்மையானது. ஆனால் கட்டணம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 4 சதவீதம் கொடுத்துப் பணம் வாங்கி ஒரு வருடம் 4 சதவீதத்துக்குப் போடுவது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஏடிஎம்மில் அட்டையைப் போட்டுப் பணம் எடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி, போதாக்குறைக்கு உங்கள் கடன் வரலாற்றிலும் பதிவாகும்.

என்னைக் கேட்டால், உங்கள் நிலையில் பேலன்ஸ் டிரான்ஸ்பரையே விட்டுவிடுவேன். வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத அட்டை, அதாவது பர்ச்சேஸ் அட்டை ஒன்றை எடுப்பேன். அதில் கட்டணமே கிடையாது. 20 மாதச் சலுகை, 6,000 வரம்பு என்று வையுங்கள். மாதம் 1,000 பவுண்டு செலவை அதில் போட்டு, அதே 1,000-ஐச் சம்பளத்திலிருந்து சேமிப்புக்கு மாற்றுகிறீர்கள். ஆறு மாதத்தில் வரம்பு நிரம்பிவிடும். அதன்பிறகு அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால், 20 மாத முடிவில் 4 சதவீதத்தில் 300 பவுண்டுக்கு மேல் மிஞ்சும். பேலன்ஸ் டிரான்ஸ்பரில் 24 மாதம் இருந்து கிடைப்பதைவிட இது கூடுதல். போகிற போக்கில் இன்னொரு நன்மையும் உண்டு: 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளை அட்டையில் வாங்கினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி, கடைக்காரர் கைவிரித்தாலும் அட்டை நிறுவனத்திடம் நீங்கள் பணம் கேட்கலாம்.

பர்ச்சேஸ் அட்டையின் சலுகை முடியும் சமயத்தில், கட்டணமில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்பர் அட்டை ஒன்று கிடைத்தால் பாக்கியை அங்கே மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். மாற்ற வேண்டிய பாக்கி இப்போது உண்மையிலேயே இருக்கிறது, மூன்று பில் கணக்கெல்லாம் தேவையில்லை. பேலன்ஸ் டிரான்ஸ்பர் இந்த விளையாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத்தான் பொருந்தும். ஒரே வங்கிக் குழுமத்துக்குள் பெரும்பாலும் மாற்ற விட மாட்டார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்வெஸ்ட்டும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே வீடு என்பது போன்ற விவரம் அப்போது தேவைப்படும்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு யோசிக்க வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கட்டணமே வாங்காத பேலன்ஸ் டிரான்ஸ்பர் சாதாரணமாகக் கிடைத்தது. பிறகு 2 சதவீதம் வந்தது, ஆனால் 50 பவுண்டுக்கு மேல் வாங்க மாட்டோம் மாதிரியான உச்சவரம்போடு. 10,000 பவுண்டு எடுத்தாலும் 50 பவுண்டுதான். அந்த உச்சவரம்பும் போய்ச் சதவீதம் மட்டும் நின்றது. 2007 ஜூலையில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 5.75 சதவீதம். 2009 மார்ச்சில் அது 0.5 சதவீதத்துக்கு விழுந்ததும் இந்த வழியே செத்துப்போனது; வட்டியே இல்லாத இடத்தில் எதைச் சம்பாதிப்பது? 2020-இல் 0.1 வரை போனது. 2023 ஆகஸ்ட்டில் அடிப்படை வட்டி 5.25-க்கு ஏறியபோது மறுபடி உயிர் வந்தது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து படிப்படியாக இறங்கத் தொடங்கியது. ஆகவே 24 மாதத்துக்கும் 4 சதவீதம் நிலைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கட்டணம் முதல் நாளே உறுதியாகிவிடுகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கின் வட்டியோ அடுத்த மாதமே மாறலாம்.

வட்டியைக் கட்டிப்போட வேண்டும் என்றால் ஒரு வருட நிரந்தர வைப்பில் போடலாம், ஆனால் மாதத் தவணைக்குத் தேவையான தொகையை வெளியே வைத்துவிட்டு. வைப்பு முதிரும் நாள் சலுகை முடியும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் இருக்க வேண்டும். மாதாமாதம் போடும் ரெகுலர் சேவர் கணக்குகளில் 7 சதவீதம் வரைகூடத் தருவார்கள். மாதம் 300 பவுண்டு மாதிரி வரம்பு இருக்கும். ஒரு வருடத்தில் 3,600 போட்டு 7 சதவீதம் என்றால் 252 வரும் என்று தோன்றும். வருவது 136 சொச்சம்தான், கடைசி மாதம் போட்ட பணம் ஒரே மாதம்தான் இருந்தது அல்லவா. அப்படியும் சாதாரணக் கணக்கைவிட நல்லதுதான். வீட்டுக் கடன் ஆஃப்செட் வகையாக (கடனோடு ஒரு சேமிப்புக் கணக்கை இணைத்த வகை) இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது: பணம் அந்த இணைப்புக் கணக்கில் இருக்கும் நாள்வரை அந்த அளவுக்கு வீட்டுக் கடனில் வட்டி போடமாட்டார்கள், வட்டியாகக் கையில் வராததால் வரியும் இல்லை. ஆனால் சாதாரண வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிவிடாதீர்கள். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அட்டைக் கெடு வந்து நிற்கும். பங்குச் சந்தை, கிரிப்டோ எதுவும் வேண்டாம். குறிப்பிட்ட நாளில் முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது, முதலுக்கே மோசம் வந்தால் ஈடுகட்ட 24 சதவீத வட்டிதான் காத்திருக்கும்.

இவ்வளவு சலுகை கொடுக்க வங்கி என்ன ஏமாளியா? இல்லை. சலுகை முடிந்த பின் இந்த அட்டைகளின் வட்டி 24 சதவீதம், அதற்கும் மேலே என்று இருக்கும். கொஞ்சம் பேர் தேதியை மறப்பார்கள், கொஞ்சம் பேர் சேமிப்பில் இருந்த பணத்தை எடுத்துச் செலவழித்திருப்பார்கள், கொஞ்சம் பேர் ஒரு தவணையைத் தவறவிடுவார்கள். அவர்களிடம் வரும் பணத்தில்தான் உங்களுக்கும் எனக்கும் வட்டியில்லாமல் கொடுக்க முடிகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராமல் இருந்தால் போதும்.

தவணை தவறினால் 12 பவுண்டு அபராதம் என்பது பெரிய அடி இல்லை. சலுகையையே ரத்து செய்ய முடியும் என்ற நிபந்தனைதான் அடி. ஆகவே அட்டை வந்த அன்றே டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள், "குறைந்தபட்சத் தொகை" என்ற தேர்வோடு. "முழுத் தொகை" என்று தேர்ந்தெடுத்தால் ஒரே மாதத்தில் எல்லாப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள், விளையாட்டு அன்றே முடிந்துவிடும். புது டைரக்ட் டெபிட் முதல் பில்லுக்குள் அமலுக்கு வராமல் போவதும் உண்டு. முதல் மாதம் மட்டும் கையால் கட்டிவிடுவது பாதுகாப்பு.

பேலன்ஸ் டிரான்ஸ்பர் அட்டையை எடுப்பதாக இருந்தால், அதில் ஒரு காப்பிகூட வாங்காதீர்கள். வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லை என்று தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்தக் காப்பிக்கு முழு வட்டி ஏறும். மற்ற அட்டைகளில் இருக்கும் 56 நாள் அவகாசம் இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் அது முழுப் பாக்கியையும் கட்டுபவருக்கான சலுகை. 2011-க்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம்: நீங்கள் கட்டும் பணம் வட்டியில்லாத பாக்கிக்கே முதலில் போகும், வட்டி ஏறும் பகுதி அடியிலேயே கிடந்து வளரும். இப்போது விதி மாறி, அதிக வட்டியுள்ள பாக்கிக்குத்தான் முதலில் கழிக்க வேண்டும். அதற்காக அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

"24 மாதம் வரை" என்ற விளம்பரத்தில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்துவிட்டு 15 மாதம்தான் என்று சொல்லலாம், அதே கட்டணத்தோடு. கடன் வரம்பும் அட்டை கிடைத்த பிறகுதான் தெரியும். அந்த வரம்பு முழுவதற்கும் மாற்றவும் முடியாது, சுமார் 90, 95 சதவீதம் வரைதான். விண்ணப்பிக்கும் முன் தகுதிச் சோதனைக் கருவியில் பார்த்துவிடுங்கள். அதில் நடக்கும் தேடல் மற்ற வங்கிகளுக்குத் தெரியாது, உண்மையான விண்ணப்பமோ எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளில் பொதுவாக ஒரு வருடம் தெரியும். நம் ஆட்களுக்கு ஒரு தகவல்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் பிரிட்டனில் வசிக்கும் அந்நாட்டுக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகவரியை வங்கிகள் அந்தப் பட்டியலில்தான் சரிபார்க்கின்றன. அதில் பெயர் இல்லாமலேயே பலர் அட்டை மறுக்கப்பட்டு வருந்துகிறார்கள்.

அடுத்த ஒரு வருடத்துக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இதில் இறங்கவே வேண்டாம். சேமிப்பில் ஈடான பணம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னாலும், அட்டையில் 6,000 பாக்கி என்பது வீட்டுக் கடன் கொடுப்பவருக்குக் கடன்தான். வரம்பில் 95 சதவீதம் நிரம்பிய அட்டையைப் பார்த்தால் கைக்கு மிஞ்சிச் செலவழிக்கிறவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 250 பவுண்டு சம்பாதிக்கப் போய், வீட்டுக் கடனில் கால் சதவீதம் கூடுதல் வட்டி விழுந்தால், 2 லட்சம் பவுண்டுக்கு அது வருடத்துக்கு 500 பவுண்டு.

யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பங்களும் தள்ளியே இருக்க வேண்டும். சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால், ஒவ்வொரு 250-க்கும் மாதம் 4.35 பவுண்டு உதவித்தொகையில் குறையும். 16,000 தாண்டினால் தகுதியே போய்விடும். அட்டைக் கடனை அந்தச் சேமிப்பில் கழித்துப் பார்க்கமாட்டார்கள். வெறும் கடன் பணத்தைக் கணக்கில் நிறுத்திவைத்ததற்காக உதவித்தொகை வெட்டுப்படும்.

உங்களுக்குக் கடன் இல்லை என்று சொன்னதால்தான் இவ்வளவும். வேறு அட்டையில் 24 சதவீதத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் உங்கள் நண்பர் யாராவது இதைப் படித்தால், அவர் சேமிப்புக் கணக்குப் பக்கமே போக வேண்டாம். அவர் 6,000 பாக்கியை இதே 3 சதவீத அட்டைக்கு மாற்றினால் ஒரு வருடத்திலேயே ஆயிரத்துக்கு மேல் வட்டி மிச்சம். உங்களுக்கு இரண்டு வருடத்தில் 256 தரும் அதே அட்டை அவருக்குப் பல மடங்கு தருகிறது. அந்த மிச்சத்துக்கு வரியும் கிடையாது.

முடிக்கும் விதம் பற்றி ஒன்று. சலுகைக் காலம் பல அட்டைகளில் கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், பணம் மாற்றிய நாளிலிருந்து அல்ல. முடியும் தேதியை வங்கியிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் முழுப் பாக்கியையும் கட்டிவிடுங்கள். அடுத்த பில்லில் பாக்கி பூஜ்யம் என்று வருகிறதா என்று பார்த்த பிறகு டைரக்ட் டெபிட்டை நிறுத்தலாம். அப்புறம், அட்டையை மூடுவதா வைத்திருப்பதா என்றால், சில வங்கிகள் தங்கள் அட்டையை வைத்திருப்பவருக்கும் அண்மையில் வைத்திருந்தவருக்கும் புதிய சலுகை தருவதில்லை. அதே வங்கியில் மறுபடி எடுக்கும் எண்ணம் இருந்தால் உடனே மூடிவிடுங்கள். காத்திருக்க வேண்டிய காலம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும்.